பனித்திட்டில் எடுத்த அழுகை

எங்கள் மகள் பிறந்ததைப் பதிய என் கணவர் பாகூர் மேரிக்குப் போனார். கொம்யூன் ஆபீசைப் பிரெஞ்சுக்காரன் காலத்தில் அப்படித்தான் சொல்வோம். கொடி மாறிய பிறகும் அந்தப் பெயர் போகவில்லை, உள்ளே உட்கார்ந்திருந்த கிழட்டு எழுத்தரும் போகவில்லை. தகப்பன் தொழில் என்ன என்று அவர் கேட்டார்.

"புரொட்யூசர்" என்றார் இவர்.

"அப்பிடின்னா?"

"சினிமாப் படம் தயாரிக்கிறவன்."

எழுத்தர் பேனாவை மையில் தொட்டுக்கொண்டு, பிரெஞ்சில் யோசித்துப் பார்த்தாராம். "ப்ரொத்யுக்தேர். அதாவது விளைவிக்கிறவன். உங்கப்பன் நெல்லு விளைவிச்சான், நீயும் நெல்லு விளைவிக்கிறே. இதுல இன்னாடா கண்ணையா புதுப் பேரு?" என்று சொல்லிவிட்டு, விவசாயி என்பதற்கு உள்ள சொல்லையே எழுதி முத்திரை குத்திவிட்டார்.

வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சிரித்தார். "அப்பிடியே இருக்கட்டும். நாளைக்குப் பொண்ணுக்கு மாப்பிள்ள பாக்கும்போது அதுதான் நல்லது" என்றேன் நான்.

பிற்காலத்தில் அவர் எத்தனையோ படங்கள் எடுத்தார். தொலைக்காட்சி வந்தபோது அதற்கும் நாடகங்கள் எடுத்துக் கொடுத்தார். பேட்டி காண வருகிறவர்களிடம் ஓடிய படங்களைப் பற்றித்தான் பேசுவார். ஓடாத முதல் படத்தின் பெயரைக்கூட எடுக்க மாட்டார். எனக்கு அந்த ஒரு படம்தான் நினைவில் நிற்கிறது. அதிலும் ஒரே ஒரு காட்சி.

அதற்கு முன்னால் அவர் பாகூரில் டூரிங் கொட்டகை நடத்திக்கொண்டிருந்தார். ஏரிக்குக் கீழே, அறுப்பு முடிந்த களத்தில் கூடாரம் போட்டிருந்தார். படப்பெட்டி கடலூரிலிருந்து வர வேண்டும். அந்தக் காலத்தில் கடலூர் வேறு நாடு. முள்ளோடைச் சாவடியில் சுங்கக்காரர்கள் பெட்டியைத் திறந்து, பிலிம் சுருளை இழுத்து வெயிலில் பிடித்துப் பார்ப்பார்கள். உள்ளே ஏதாவது கடத்துகிறானா என்று சந்தேகம். அந்தப் படம் ராத்திரி கொட்டகையில் ஓடும்போது, கதாநாயகியின் கன்னத்தில் சாவடிக்காரரின் கட்டைவிரல் ரேகை பெரிதாக ஒரு கணம் வந்து போகும். எங்கள் ஊர் ஜனங்கள் அதற்குக் கைதட்டுவார்கள்.

ஐம்பத்து நான்கில் கொடி மாறியது. சாவடி காலியாயிற்று. நாங்கள் இருவரும் கடலூருக்குப் போய்த் திரும்பிய ஒரு மாலையில் வண்டியை அங்கே நிறுத்தச் சொல்லி அவர் இறங்கினார். தடுப்புக் கட்டை பிடுங்கிப் போடப்பட்டிருந்தது. சாவடிக்குள் ஆடுகள் படுத்திருந்தன. கொஞ்ச நேரம் அந்தக் காலி வாசலைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"தையலு, இதுவரைக்கும் அந்தப் பக்கத்துலேருந்துதான் பொட்டி வந்துகினு இருந்துச்சு. இனிமே இங்கேருந்து ஒரு பொட்டி அந்தப் பக்கம் போவணும்."

எங்களுக்குள் பேச்சு குறைவு. அவர் வெளியில் நிறையப் பேசுகிறவர், நான் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவள். ஆனால் அன்றைக்கு அவர் குரலில் இருந்த ஆசையை இன்றைக்கும் என்னால் கேட்க முடிகிறது.

இப்படித்தான் எங்கள் ஊர்ச் சாமி பெயரில் ஸ்ரீ மூலநாதர் பிக்சர்ஸ் பிறந்தது.

கதை கடற்கரைக் கதை. கடலுக்குப் போன நாயகன் பிணமாகக் கரை ஒதுங்குவான், ஊர்ப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து அழுவார்கள், பிறகு அவன் சாகவில்லை என்று தெரியும். அந்த நாளில் கடலையும் ஸ்டூடியோவுக்குள் திரையில் எழுதித்தான் காட்டுவார்கள். இவர் பிடிவாதமாக நிஜக் கடல்தான் வேண்டும், அதுவும் எங்கள் கடல்தான் வேண்டும் என்றார். மாசி மாதத்தில் மொத்தக் கூட்டமும் மெட்ராசிலிருந்து எங்கள் பக்கத்து மீனவக் குப்பமான பனித்திட்டுக்கு வந்து இறங்கியது. டைரக்டர் அரங்கநாதன் ஸ்டூடியோவிலேயே வளர்ந்தவர். மணலில் நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் ஒரு முறை செருப்பைக் கழற்றி உதறுவார்.

ஆள்களுக்குச் சமையல் பார்த்துக்கொள்ள நானும் போயிருந்தேன்.

எல்லாம் நன்றாகத்தான் நடந்தது, அழுகைக் காட்சி வரும் வரைக்கும். மெட்ராசிலிருந்து வந்த துணை நடிகைகளுக்குக் கண்ணில் கிளிசரின் விட்டார்கள். கடல் காற்று மணலை வாரி அடித்தது. கிளிசரின் வழிந்த இடமெல்லாம் மணல் ஒட்டிக்கொண்டது. ஒருத்தி தும்மினாள். ஒருத்தி புடவையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிட்டாள். வேடிக்கை பார்த்த ஊர்ப் பெண்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"இதுங்க அழுவுதுங்களா, வெங்காயம் உரிக்குதுங்களா?" என்றாள் மணியம்மாள். பாகூரில் எங்கள் தெருவுக்கு மீன் கூடை கொண்டு வருகிறவள். பனித்திட்டில் எனக்குத் தெரிந்த ஒரே முகம் அவளுடையதுதான்.

அரங்கநாதனுக்கு அந்தச் சிரிப்பு உறைத்தது. ஆனால் அவர் கெட்டிக்காரர். "இவங்களையே உக்கார வச்சா என்ன?" என்று என் கணவரைக் கேட்டார். இவர் என்னைக் கூப்பிட்டார். நான் மணியம்மாளைக் கேட்டேன்.

"ஒப்பாரி வைக்கணுமா? யாரும்மா செத்தது?"

"யாரும் சாவல மணியம்மா. படத்துல."

"படத்துல செத்தா படத்துல இருக்கிறவங்க அழுவட்டும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் சொன்ன பிறகு அவள் முகத்தில் சிரிப்பு நிற்கவில்லை. கடலைக் கையால் காட்டினாள். தூரத்தில் கட்டுமரங்கள் புள்ளி புள்ளியாகத் தெரிந்தன. "மரம் கடல்ல இருக்கும்போது கரையில பொம்பள வாயில எழவுக் கொரலு வரக் கூடாது. ஊருக்குள்ள சாவு வுழுந்தா ஊருக்குள்ள வச்சு அழுவோம். கரைக்கு வர மாட்டோம். கைப்புள்ள அழுதாக்கூட இங்க வாயப் பொத்திடுவோம்."

அரங்கநாதன் குறுக்கே வந்தார். "சத்தமே வேண்டாம்மா. வெளியில எடுக்கிறப்போ இந்தக் கேமராவில சத்தம் பதியாது. நீங்க வாயை அசைச்சா போதும். அழுகையை அப்புறமா மெட்ராசிலே வச்சு ஒட்டிக்குவோம்."

"அழுவையை ஒட்டுவீங்களா? இன்னாத்தால, சோத்துப் பசையாலயா?"

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மணியம்மாள் மட்டும் விடவில்லை. "உங்க மிசினுக்குக் காது இல்ல, சரி. கடலுக்குக் கீதே சாமி."

கடைசியில் ஊர்த் தலைவரான நாட்டார் தங்கராசு வந்து சமாதானம் சொன்னார். "மரமெல்லாம் கரை ஏறட்டும். அப்பறம் கேளுங்க. அப்ப அழுதா தப்பு இல்ல."

காத்திருந்தோம். நாயகன் உடம்பெல்லாம் ஈர மணல் பூசிக்கொண்டு குடை நிழலில் படுத்திருந்தார். அவர் மறுநாள் மெட்ராசில் வேறு படத்துக்குப் போயாக வேண்டும். கடலூர் விநியோகஸ்தரோ, தாய்மார்கள் அழுகிற கட்டம் இல்லாமல் படத்தைத் தொடவே மாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். இன்றைக்கு இந்தக் காட்சி கிடைக்காவிட்டால் படம் இல்லை. பாகூர் ஏரிக் கால்வாய் பாயும் எங்கள் நிலத்தில் பாதி இந்தப் படத்துக்குள் போயிருந்தது. என் கணவர் அதைப் பற்றிப் பேசாமல், மரங்கள் ஒவ்வொன்றாக அலையைத் தாண்டி வருவதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மரமும் கரையில் தட்டும்போது அவர் தோள் கொஞ்சம் இறங்கும்.

உச்சி சாய்வதற்குள் எல்லா மரங்களும் ஏறிவிட்டன. கட்டுகளை அவிழ்த்து மரங்களைக் காயப் போட்டாயிற்று. மீன் பிரித்தாயிற்று. பெண்கள் வந்து நின்றார்கள். யாரும் உட்காரவில்லை.

"உக்காருங்கம்மா, வெளிச்சம் போயிடும்" என்றார் அரங்கநாதன்.

மணியம்மாள் என்னைப் பார்த்துச் சொன்னாள். "ஒரு மரம் இன்னும் வரல."

"எல்லாம் ஏத்தியாச்சுன்னு நாட்டார் சொன்னாரே?"

"நாட்டாரு இன்னிக்குப் போன மரத்தச் சொன்னாரு. நான் காத்தவராயன் மரத்தச் சொல்றேன்."

"அது எப்போ போச்சு?" என்று என் கணவர் கேட்டார்.

"கொடி மாறின வருசம். கார்த்திகையில."

அரங்கநாதன் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டார். அது நடந்து மூன்று வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. மரமும் கிடைக்கவில்லை, உடலும் ஒதுங்கவில்லை. அவன் மனைவி சிந்தாமணி தாலியை இறக்கவில்லை, பொட்டை அழிக்கவில்லை. புருஷன் வீட்டார் கருமாதி செய்யக் கேட்டபோதெல்லாம், "வருவாரு" என்ற ஒரே சொல்லைச் சொல்லிவிட்டுக் கருவாடு காய வைக்கப் போய்விடுவாளாம்.

"அவ ஒத்துக்காத வரைக்கும் அந்த மரம் கடல்லதான் கீது. நாங்க யாரு வாயத் தொறக்க?" என்றாள் மணியம்மாள். "அவளப் போய்க் கேளுங்க. அவ அழுவட்டும், பின்னாடியே நாங்களும் அழுவறோம்."

கூட்டத்தின் ஓரத்திலிருந்து ஒரு கிழவி கத்தினாள். காத்தவராயனின் தாய் கலியம்மாள். "அவளா? எம்புள்ளைக்கி ஒரு சொட்டு தண்ணி வுடாதவ, எவனோ படத்துக்காரனுக்கு அழுவாளா? நல்லா கேட்டீங்க போ!"

என் கணவர் என்னைப் பார்த்தார். போ என்று சொல்லவில்லை. நடந்தேன்.

சிந்தாமணியின் குடிசை ஊரின் கடைசியில், தாழம் புதருக்குப் பக்கத்தில் இருந்தது. முப்பது வயது இருக்கும். வாலை மீனைக் கீறி உப்பு திணித்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் பெரிய குங்குமம். நான் போய் எதிரே மணலில் உட்கார்ந்தேன். என்னை யார் என்று அவள் கேட்கவில்லை. நானும் எதுவும் சொல்லவில்லை. அவள் மீன் கீறுவதும், இடையில் காக்கையின் மேல் ஒரு பிடி மணலை வீசுவதும், மறுபடி கத்தியை எடுப்பதுமாக இருந்தாள். வெகு நேரம் அப்படியே போயிற்று. எங்கள் வீட்டில் இருப்பது போலவே எனக்குப் பழக்கமாக இருந்தது.

"மணியக்கா அனுப்புச்சா?" என்றாள் கடைசியில்.

"அவ சொன்னா. ஆனா நானாத்தான் வந்தேன்."

"அழச் சொல்லவா வந்தே?"

"வேணாம்னு சொன்னா எழுந்து போயிடறேன்."

மறுபடி மீன். கூடை காலியாகும் வரைக்கும் அவள் தலையை நிமிர்த்தவில்லை.

"சத்தம் வுழாதாமே அதுல?"

"வுழாது."

"நெசமா?"

"நெசமாத்தான். வாய் அசையறது மட்டும் தெரியும்."

"அப்ப நான் இன்னா சொன்னாலும் யாருக்கும் கேக்காது."

"கேக்காது."

கையை மணலில் தேய்த்துக் கழுவினாள். பிறகு புடவையை உதறிக்கொண்டு எழுந்தாள். "பொம்பளைங்கள மேட்டுக்கு அந்தாண்ட போச் சொல்லு. காத்து எந்தப் பக்கத்துலேருந்து வருதோ அந்தப் பக்கம் நிக்கட்டும். அப்பதான் எங்கொரலு போவாது. என் மாமியாளும் அங்க போவட்டும். அப்பறம், வேற யாரு கொரலையும் கொண்டாந்து என் வாயில ஒட்டக் கூடாது. நான் சொன்னது நான் சொன்னதாவே இருக்கணும்."

"எங்க வூட்டுக்காரரத்தான் கேக்கணும்."

"அவரையே வந்து சொல்லச் சொல்லு."

அவர் வந்தார். பின்னாலேயே அரங்கநாதனும் வந்து, "அந்த இடத்திலே பாட்டு இருக்கு சார். பாடறதுக்கு ஆள்கூடப் பேசியாச்சு" என்றார். என் கணவர் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. சிந்தாமணியிடம், "ஒட்ட மாட்டேம்மா. மூலநாதர் மேல சத்தியம்" என்றார்.

"சாமிய எதுக்கு இழுக்கறீங்க? சொன்னாப் போதும்."

"ஒட்ட மாட்டேன்."

பெண்கள் மேட்டுக்கு அப்பால் போனார்கள். கலியம்மாள் கடைசியாகப் போய், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். நாயகன் மணலில் படுத்தார். மேலே ஒரு துணியைப் போர்த்தினார்கள். சிந்தாமணி அவர் தலைமாட்டில் உட்கார்ந்து, என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்து, "நீ இரு" என்றாள். நான் கேமராவின் பார்வைக்கு வெளியே, அவளுக்குப் பக்கவாட்டில் நின்றேன்.

கேமரா ஓடும் சத்தம், தையல் மிசின் ஓடுவது போல. அவள் பிணத்தைப் பார்க்கவில்லை. அலைக்கு அப்பால் எங்கேயோ பார்த்தாள். "அழும்மா, அழு" என்று அரங்கநாதன் பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தார். எதுவும் நடக்கவில்லை. பிலிம் ஓடிக்கொண்டே இருந்தது.

பிறகு வாயைத் திறந்தாள்.

"காத்தவராயா" என்றாள்.

எங்கள் பக்கத்தில் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்வதில்லை. அவன் இருக்கும் வரைக்கும் அந்தப் பெயர் அவள் வாயில் வராது. சிந்தாமணி அதைத் தெரியாமல் சொல்லவில்லை. மறுபடியும் சொன்னாள், சின்னப் பையனை விளையாட்டிலிருந்து வீட்டுக்குக் கூப்பிடுவது போல. அதன்பின் மார்பில் அறைந்துகொண்டாள். அவனைத் திட்டினாள். கெஞ்சினாள். அவனோடு இருந்த நாள்களை ஒவ்வொன்றாக எடுத்து அவன் முன்னால் வைத்தாள். காற்று குரலைக் கொண்டுபோனதால் கேமராப் பக்கம் நின்றவர்களுக்கு எதுவும் கேட்கவில்லை. என்னென்ன சொன்னாள் என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை.

பிலிம் தீர்ந்துவிட்டது. கேமராக்காரர் கையை உயர்த்திக் காட்டினார். அரங்கநாதன் "கட்" சொல்ல வாயெடுத்தார். என் கணவர் அவர் தோளை அழுத்திப் பிடித்தார். யாரும் அசையவில்லை. ஓடாத கேமராவுக்கு முன்னால் அவள் இன்னும் வெகுநேரம் அழுதாள். துணிக்குக் கீழே படுத்திருந்தவரும் அசையவில்லை. முடிந்த பிறகு எழுந்து, யாரிடமும் பேசாமல் போய் வேனில் உட்கார்ந்துகொண்டார்.

சிந்தாமணி அலையில் இறங்கி முகத்தைக் கழுவினாள். இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து குங்குமம் எடுத்து, கண்ணாடி இல்லாமலேயே நெற்றியில் சரியாக வைத்துக்கொண்டாள். மேட்டிலிருந்து இறங்கி வந்த பெண்கள் எல்லாரும் முதலில் அந்த நெற்றியைத்தான் பார்த்தார்கள்.

"இன்னாடி?" என்றாள் மணியம்மாள்.

"இன்னா, இன்னாடி? படத்துக்கு அழுதேன்."

கலியம்மாள் மணலில் காறித் துப்பிவிட்டுப் போனாள்.

*

மெட்ராசில் படத்தை ஒட்டி முடித்து விநியோகஸ்தருக்குப் போட்டுக் காட்டினார்கள். நானும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அந்தக் காட்சி வந்ததும் விநியோகஸ்தர் நிமிர்ந்தார். முடிந்து விளக்குப் போட்டதும், "பிரமாதம் கண்ணையன். யாரு இந்தப் பொண்ணு? பாட்டை எப்போ சேர்க்கறீங்க?" என்றார்.

"பாட்டு இல்லீங்க. அது அப்பிடியேதான்."

"அப்பிடியேன்னா?"

"சத்தம் இல்லாம."

அவர் இவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "யோவ், பொம்பள மாருல அடிச்சிகினு வாயத் தொறக்கிறா. சத்தம் வரலன்னா கொட்டகையில மிசின் ரிப்பேருன்னு நெனச்சு பெஞ்சைப் பேத்துடுவான். பாடற அம்மா கீழே வந்து உக்காந்திருக்காங்க. மத்தியானத்துக்குள்ள முடியிற வேலை."

"வாக்குக் கொடுத்திருக்கேங்க."

"யாருக்கு?"

"மீன்காரப் பொண்ணு ஒருத்திக்கு."

விநியோகஸ்தர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் இவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். "நல்லா யோசிச்சுச் சொல்லு" என்று மட்டும் சொல்லிவிட்டு வெற்றிலை போட வெளியே போனார்.

இவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கீழே யாரோ ஆர்மோனியத்தில் சுருதி பார்த்துக்கொண்டிருந்தார்கள். முள்ளோடைச் சாவடியைத் தாண்டிப் போக வேண்டிய பெட்டி அந்தச் சுருதியில்தான் இருந்தது.

"அவ இன்னா சொன்னான்னு உனக்குத் தெரியுமில்ல?" என்றார்.

"தெரியும்."

"எங்கிட்ட சொல்லாத. தெரிஞ்சா பாட்டுல வச்சிடுவேன்."

எழுந்து போனார். கொஞ்ச நேரத்தில் ஆர்மோனியம் நின்றது.

விநியோகஸ்தர் படத்தை எடுக்கவில்லை. பிறகு யாரோ சில்லறை ஆள்கள் எடுத்தார்கள். வெளியான இடங்களில் அந்தக் காட்சிக்கு விநியோகஸ்தர் சொன்னபடியே நடந்தது. திண்டிவனத்தில் ஆப்பரேட்டரை அடிக்கப் போனார்களாம். படம் எங்கும் ஒரு வாரம் தாண்டவில்லை. கொட்டகைகளிலிருந்து வந்த எந்தக் கடிதத்தையும் இவர் இரண்டாம் முறை படிக்காமல் மடித்து வைத்துவிடுவார். சாப்பாட்டில் குறைவில்லை, தூக்கத்தில் குறைவில்லை. ஆனால் அந்தக் காலத்தில் அவர் களத்துப் பக்கமே போகவில்லை. ஊரில் யாராவது "படம் எப்பிடி?" என்று கேட்டால், "இந்தப் போகம் சாவி" என்பார். கதிரில் பால் பிடிக்காமல் போனதைச் சொல்கிற சொல்.

அறுவடை முடிந்து எங்கள் கொட்டகையிலேயே அந்தப் படத்தைப் போட்டார். போடாமல் விட்டிருக்கலாம். ஆனால் பனித்திட்டுக்காரர்கள் மணியம்மாள் மூலம் சொல்லி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள், எங்க கடலை எப்போ காட்டப் போறீங்க என்று.

முதல் ஆட்டத்துக்கு வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். கலியம்மாளும் வந்தாள். சிந்தாமணியும் வந்தாள். ஒரே வண்டியில் இல்லை. பெண்கள் பக்கத்து மணல் தரையில் கலியம்மாள் முன்னால் உட்கார்ந்தாள், சிந்தாமணி அவளுக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி. அவர்கள் கட்டுமரம் திரையில் வந்தபோது கூரை பிய்ந்துபோகிற மாதிரி கூச்சல். "அது எம்மரம்டா!" என்று ஒருவன் எழுந்து ஆடினான்.

எனக்கு அப்போதுதான் அது உறைத்தது. மெட்ராசில் அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் யாருக்கும் அவளைத் தெரியாது. இங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கு அவளைத் தெரியும், அவள் புருஷனைத் தெரியும். திரையில் அவள் வாய் ஒரு ஆள் உயரத்துக்கு வரப்போகிறது. அந்தப் பெயரைப் படிக்கக் காது வேண்டாம். அவளே அவனைப் போனவன் என்று சொல்லிவிட்டாள் என்று ஆகிவிட்டால், நாளைக்கே பொட்டை அழித்துத் தாலியை இறக்கிவிடுவார்கள். ஓடிப்போய் ஆப்பரேட்டரிடம் நிறுத்தச் சொல்லலாமா என்று நினைத்தேன்.

அதற்குள் காட்சி வந்தது. கடல் சத்தம் நின்றது. சிந்தாமணியின் முகம் திரை முழுக்க நின்றது.

"சவுண்டு!" என்று ஆண்கள் பக்கத்திலிருந்து கத்தினார்கள். "டேய் ஆப்பரேட்டரு, தூங்கிட்டியாடா? சவுண்டு வுடுடா!" விசில் பறந்தது. யாரோ தகரத்தைத் தட்டினார்கள்.

திரையில் அவள் வாய் திறந்தது. அந்தப் பெயர் மெல்ல, எல்லாருக்கும் தெரிய, அவள் உதட்டில் வந்தது. பனித்திட்டுப் பெண்கள் பக்கத்தில் ஒரு மூச்சு உள்ளே போய் அப்படியே நின்றது.

கலியம்மாள் எழுந்தாள். அவள் தலையின் நிழல் திரையில் விழுந்தது. திரும்பி ஆண்கள் பக்கம் பார்த்து, "வாய மூடுங்கடா நாறப் பயலுங்களா! அவ பேசிகினு கீறா இல்ல?" என்று கத்தினாள்.

கொட்டகை அடங்கிவிட்டது. புரொஜக்டர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. கலியம்மாள் உட்காரவில்லை. யாரும் அவளை உட்காரச் சொல்லவும் இல்லை. தன் மகனை ஒருத்தி பெயர் சொல்லிக் கூப்பிடுவதையும், திட்டுவதையும், மார்பில் அறைந்துகொள்வதையும் நின்றபடியே கடைசி வரைக்கும் பார்த்தாள்.

படம் முடிந்து எல்லாரும் வெளியே வந்தார்கள். வண்டிகளுக்குப் பக்கத்தில் பனித்திட்டுப் பெண்கள் கூட்டமாக நின்றார்கள். சிந்தாமணி தனியாக, மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றாள். லாந்தர் வெளிச்சத்தில் அவள் பொட்டு கறுப்பாகத் தெரிந்தது. ஒரு பெண் ஆரம்பித்தாள்.

"அவ வாயி இன்னா சொல்லிச்சுன்னு பாத்தீங்களா? பேரச் சொன்னாளே! நானே என் கண்ணால..."

"இன்னா சொன்னா?" என்றாள் கலியம்மாள்.

அந்தப் பெண் ஓர் அடி பின்னால் போனாள்.

"எம்மருமவ ஒண்ணும் சொல்லல. மிசின்காரன் சொல்லச் சொன்னான், வாய அசைச்சா. நடிச்சா. நல்லா நடிச்சா" என்றாள் கலியம்மாள். மணியம்மாளைப் பார்த்து, "இன்னாடி, நீ சொல்லு" என்றாள்.

"ஆமாக்கா. இன்னாமா நடிச்சா!" என்றாள் மணியம்மாள்.

கலியம்மாள் தன் வண்டியில் ஏறிக்கொண்டாள். பிறகு கையை நீட்டி, "ஏறுடி. அந்த வண்டியில எடம் இல்ல" என்றாள். அந்த வண்டியில் நிறைய இடம் இருந்தது. சிந்தாமணி அந்தக் கையைப் பிடித்து ஏறி, மாமியாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

வண்டிகள் கிளம்பிப் போனபிறகு என் கணவர் கொட்டகையிலிருந்து வெளியே வந்தார். பெண்கள் பேசியது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். எத்தனையோ நாளைக்குப் பிறகு முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. "நல்லா நடிச்சான்னு ஊரே சொல்லுது, கேட்டியா?" என்றார்.

"கேட்டேன்" என்றேன்.

உள்ளே திரும்பி, நாளைக்கும் இதே படம்தான் என்று ஆப்பரேட்டரிடம் உரக்கச் சொன்னார்.